பன்னிரண்டரை மணிப் பால்

ஜூன் 9, திங்கள்

இன்றைய தவறு: குருவியின் வாய்ப் படத்தில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டுவிட்டேன்.

மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்த நோட்டில் முதல் வரி அன்றைய தவறுக்கு, கடைசி வரி மறுநாள் வேலைக்கு. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாவிட்டால் நான் எதையும் முடிக்கமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

குருவி என் அண்ணன் மகள். மூன்றரை வயது. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். இரண்டு மாதமாகப் பேச்சு குறைந்திருக்கிறது. ரொட்டியை முன்பல்லால் கடிப்பதில்லை. வாயோரமாகத் திணித்து, நாக்கால் நசுக்கி விழுங்குகிறாள். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நடுப்பற்கள் இரண்டும் ஈறோரம் பழுப்பாகிக் குழி விழுந்திருக்கின்றன. அவற்றுக்கு இருபுறமும் உள்ள பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு. ஒரு நடுப்பல்லுக்கு மேலே ஈறில் கடுகளவு கொப்புளம். கீழ்வரிசை மட்டும் அரிசி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது.

இதையெல்லாம் படமாக வரைந்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பல் மருத்துவ உதவியாளர் படிப்பு. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, ஓர் ஆரம்பப் பள்ளியின் மாடி அறையில். பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. முழங்கால் மேசையில் இடிக்கும். பாடம் எடுப்பவர் ஓர் இளம் பல் டாக்டர். பகல் முழுக்க கிளினிக்கில் நின்றுவிட்டு வருவதால் வாக்கியத்துக்கு ஒருமுறை வாயைப் பிளப்பார். எங்களுக்குள் அவர் பெயர் கொட்டாவி சார்.

"கொப்புளம் எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது சார்."

"உனக்கு இடதா, குழந்தைக்கு இடதா?"

யோசித்தேன். நான் யோசித்ததே அவருக்குப் பதிலாகிவிட்டது.

"நீ குழந்தைக்கு எதிர்ல நிக்கிற. அது என்ன உன் மூஞ்சி பார்க்குற கண்ணாடியா? உன் படத்தை நம்பி ஒருத்தன் நல்ல பல்லைப் புடுங்கிட்டு, கெட்டதை வாயிலயே விட்டு அனுப்புவான்."

"பரவால்ல சார், பால் பல்லுதானே? திரும்ப முளைக்கும்னு சமாளிச்சிடலாம்" என்றது பின்பெஞ்சு. வகுப்பு சிரித்தது.

சார் சிரிக்கவில்லை. "எல்லா வீட்லயும் இதைத்தான் சொல்றாங்க. புதுப் பல்லு வர ஆறு ஏழு வயசாகும். அதுவரைக்கும் புள்ள எதால சாப்பிடும், உன் பல்லாலயா? கீழ இருந்து வர்ற பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கறதும் இதுதான்."

பலகையில் 'ராத்திரிப் பாட்டில்' என்று எழுதினார். பாட்டிலோடு தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்களில் இனிப்புப் பால் தேங்கி நிற்கும். தூக்கத்தில் எச்சில் குறைவதால் அதைக் கழுவ ஆளில்லை. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும். குருவியின் வாயைப் பார்த்தே பாடம் எழுதியது போல இருந்தது. வீட்டுப்பாடம்: கேள்வித்தாள் தயாரித்து ஒரு குடும்பத்தை விசாரித்து வரவேண்டும்.

நாளைய வேலை: படத்தில் இடதை அடித்து வலது என்று திருத்துவது. பன்னிரண்டு கேள்விகள் எழுதி அண்ணியிடம் கேட்பது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைய தவறு: அண்ணனின் காதுபட விசாரித்தது.

அண்ணி மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். டானிக் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். லேபிள் ஒட்டும் இடத்தைக் கடக்கும்போது கோணல், சுருக்கம், எழுத்து மங்கல் எல்லாவற்றையும் பார்த்து ஒதுக்கும் பிரிவு. ஒன்பது வருடம் பெல்ட் ஓரம் நின்றவரை, போன மாதம்தான் மேற்பார்வைக்குப் போட்டார்கள். இன்று வந்ததும் கையைக் கழுவிவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். தலையில் மாட்டும் வலைக்குல்லாயின் தடம் நெற்றியில் இன்னும் இருந்தது.

"அண்ணி, வகுப்புக்கு ஒரு பத்து நிமிஷம் வேணும்."

"உக்காந்து பதில் சொல்ல நேரமில்ல. நறுக்கிக்கிட்டே சொல்றேன், கேளு."

"குழந்தை எந்த வயசு வரைக்கும் வீட்ல பாட்டில் குடிச்சா?"

"ரெண்டே கால். புடுங்கிக் குப்பைல போட்டதே நீதான். அதையும் என்னையே கேக்குற."

"ராத்திரி தூங்கும்போது என்ன குடிக்கிறா?"

"தண்ணி."

"தினமுமா?"

"இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும் மழைத்தண்ணி."

"படுக்கறதுக்கு முன்னாடி பல்லு தேய்ச்சு விடுறது யாரு?"

"நான். நான் ரெண்டாவது ஷிப்ட் போற வாரம் உங்கண்ணன். பிரஷ் என்ன கலர்னு அவரையே கேளு."

முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பாமலே, "பச்சை" என்றான்.

"பச்சை உங்களோடது" என்றார் அண்ணி.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். பன்னிரண்டையும் கேட்டு முடித்துவிட்டு, முடிவுரையை வேறு படித்தேன். "தூங்குற நேரத்துல இனிப்புப் பால் குடிச்சாத்தான் மேல்பல்லு மட்டும் இப்படிப் போகும்னு சார் சொன்னாரு. நீங்க சொல்றது சரியா இருந்தா, இப்படி ஆக வாய்ப்புக் கம்மி அண்ணி."

"அப்போ நான் பொய் சொல்றேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"வாயால சொல்லல. கையால எழுதிக்கிட்டிருக்க."

உண்மைதான். இரண்டாவது கேள்வியின் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

அண்ணன் எழுந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டான். "புள்ள அழுதா பாட்டிலை வாயில சொருகிட்டுத் தூங்கியிருப்ப. அலுப்பு. அதானே? பெல்ட்டு பெல்ட்டுன்னு அதையே கட்டிக்கிட்டு அழுதா, புள்ள வாய் அழுகத்தான் செய்யும்."

"வீட்ல பாட்டிலே இல்லங்க."

"இவ படிச்சிட்டுச் சொல்றா. நீ நறுக்கிக்கிட்டுச் சொல்ற. நான் யாரை நம்புறது? போதும், வேலைக்குப் போய்க் கிழிச்சது. திங்கக்கிழமை கடுதாசி குடுத்துட்டு நின்னுடு."

கத்தி பலகையில் நின்றது. அண்ணி ஈரக்கையோடு என் கேள்வித்தாளை வாங்கி, ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"பன்னெண்டு கேள்வியும் எங்க வீட்டுக்குள்ளயே சுத்துது. என் புள்ள பகல்ல எங்க தூங்குது டாக்டரம்மா? யாரு தூங்க வைக்கிறது?"

"நான்தான். எங்க காப்பகத்துல குடுக்கறது சத்துப்பால் அண்ணி" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

நாளைய வேலை: பதிமூன்றாவது கேள்வி சேர்ப்பது. 'குழந்தை பகலில் எங்கே, எப்படித் தூங்குகிறது?'

ஜூன் 11, புதன்

இன்றைய தவறைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எழுத வரவில்லை.

நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகம், பெற்றோர் வேலைக்குப் போகும் வீடுகளுக்காக நடத்தப்படுவது. தரைத்தளம் முழுவதும் காப்பகம், மாடியில் நிர்வாகியின் வீடு. எதற்கெடுத்தாலும் கையில் இருக்கும் பித்தளை மணியை ஆட்டுவதால் அவருக்குப் பெல் மேடம் என்று பெயர். மதிய உறக்க அறை என் பொறுப்பு. பதினோரு குழந்தைகள், பதினோரு பாய்கள், ஜன்னலில் கறுப்புத் திரை. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் நான் ஏழு பாட்டில்களை நிரப்புவேன். வெந்நீர், மூடிக்குக் கொஞ்சம் கீழே வரை. பெரிய தகர டப்பாவிலிருந்து பொடி ஐந்து கரண்டி. குலுக்கி, மணிக்கட்டில் சொட்டு விட்டுச் சூடு பார்த்து, படுத்திருக்கும் ஏழு வாய்களில் வைப்பேன். மற்ற நால்வரில் இருவர் பெரிய பிள்ளைகள், ஒருத்தி பால் குடித்தால் வாந்தி எடுப்பாள், ஒருவன் புதிதாகச் சேர்ந்தவன். பத்து நிமிடத்தில் அறை அடங்கிவிடும். பாட்டில்களை யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் விழித்துக்கொள்ளும். மூன்று மணிவரை உதட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இதை நேற்று இரவுவரை 'ராத்திரிப் பாட்டில்' என்று நான் நினைக்கவே இல்லை.

இன்று தூங்கி எழுந்து முகம் கழுவும்போது பதினோரு மேலுதடுகளையும் தூக்கிப் பார்த்தேன். நோட்டில் குறித்தேன், அப்புறம் ஆளுக்கொரு அட்டையில் படம் போட்டேன். இந்த முறை குழந்தையின் வலது எது என்று ஒவ்வொருவரின் கையையும் பிடித்துப் பார்த்த பிறகே எழுதினேன். பாட்டில் குடிக்கும் ஏழு பேரில் ஐந்து பேருக்கு வெள்ளைக் கோடோ பழுப்போ இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. பாட்டில் இல்லாத நால்வரில் ஒருவனுக்கும் கடைவாயில் ஒரு புள்ளி. எனவே இது நிரூபணம் ஆகாது. எண்ணிக்கை சின்னது, பார்த்தவள் கற்றுக்குட்டி. ஆனாலும் ஐந்து ஐந்துதான்.

மூன்றரைக்கு, துடைப்பம் எடுக்கிற சாக்கில் ஸ்டோர் அறைக்குள் போனேன். தகர டப்பாவில் ஒன்றும் எழுதியிருக்காது. அதை நிரப்பும் பெரிய பை மூலையில் இருந்தது. பின்பக்கம் திருப்பினேன். எது அதிகமோ அது முதலில் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சர்க்கரை. பால் பொடி மூன்றாவது.

ஆனால் பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் அது பொய். பொடி இனிக்கும் என்று எனக்குத் தெரியும். கலக்கி முடித்ததும் தினமும் கரண்டியை நக்குகிறவள் நான்.

மாலையில் சாரிடம் கேட்டேன். "பகல் தூக்கத்துலயும் அப்படி ஆகுமா சார்?"

"ஏன், வாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?" என்று கொட்டாவி விட்டார்.

நான் அங்கே வேலை செய்வதால்தான் குருவியை அங்கே சேர்த்தோம். ஒரு வருடம் ஆகிறது. காய்ச்சல், விடுமுறை எல்லாம் கழித்தாலும் இருநூற்றைம்பது பாட்டிலுக்குக் குறையாது. வீட்டுப் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்ட அதே கை, மூன்று மாதம் கழித்துக் காப்பகப் பாட்டிலை அவள் வாயில் வைத்திருக்கிறது. வீட்டில் செய்தது அக்கறை, அங்கே செய்தது வேலை. வேலியே பயிரை மேய்ந்த கதை. வேலிக்குத் தான் மேய்வது தெரியாது என்பதுதான் கூடுதல்.

இன்றைய தவறு: இதுதான்.

நாளைய வேலை: பெல் மேடத்திடம் பேசுவது.

ஜூன் 13, வெள்ளி

இன்றைய தவறு: ஏழில் ஒரு பாட்டிலில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.

நேற்று பேசவில்லை. தைரியம் வரவில்லை என்று எழுதிவிட்டு மேலே போகிறேன்.

இன்று பன்னிரண்டே காலுக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனேன். சமையல்காரம்மா அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மேடம், பசங்க பல்லு சம்பந்தமா ஒண்ணு சொல்லணும். மதியம் பாட்டில் குடிக்கிற ஏழு பேர்ல அஞ்சு பேருக்கு..."

"உன்னை யாரு பார்க்கச் சொன்னா?"

"முகம் கழுவும்போது பார்த்தேன் மேடம்."

"மூக்கைத் துடைக்கச் சொன்னா, வாய்க்குள்ள புகுந்துட்டியா?"

அட்டைகளை வாங்கிச் சீட்டு கலைப்பதுபோல் கலைத்தார். அடியில் குருவியின் பழைய படம் சிக்கியிருந்தது. 'இடது' என்று எழுதி, அடித்து, 'வலது' என்று திருத்திய படம். அதை எடுக்க மறந்திருந்தேன்.

"இடது கை எது? காட்டு."

"மேடம்..."

"காட்டுன்னா காட்டு."

காட்டினேன்.

"வலது?"

அதையும் தூக்கினேன். சமையல்காரம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். இரண்டு கையையும் தூக்கியபடி, பிடிபட்ட திருடி மாதிரி நின்றேன்.

"கை நல்லாத்தான் தெரியுது. பேப்பர்ல மட்டும் தெரியாதோ? சாயந்திரம் போய்ப் பெஞ்சு தேய்ச்சுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

"பொடில சர்க்கரைதான் அதிகம் மேடம். தண்ணி குடுத்துப் பார்க்கலாம். கொஞ்ச நாள் அழுவாங்க, அப்புறம் பழகிடும்."

"பதினோரு பசங்க, நீ ஒருத்தி. எப்படித் தூங்க வைப்ப? தாலாட்டுப் பாடுவியா? நீ பாடினா தூங்கற புள்ளையும் எந்திரிச்சு ஓடும். சத்துப்பால் குடுக்கறோம்னு சொல்லித்தான் சேர்க்கறேன். நாளைக்குத் தண்ணின்னா எவ அனுப்புவா? பால் பல்லு விழத்தானே முளைக்குது? ரெண்டு வருஷம் முன்ன விழுந்தா என்ன, குடியா முழுகிடும்?"

"சீழ் வைக்குது மேடம். குருவிக்கு..."

"அதைச் சொல்லு! ஊர்ப் புள்ளைங்களை விட உங்க வீட்டுப் புள்ள வாய்தான் நாறிக் கிடக்கு. உங்கண்ணி வீட்ல என்னத்த ஊத்தறாளோ. முதல்ல அவ வாயைக் கிளறு, அப்புறம் என் டப்பாவைக் கிளறலாம்."

அந்த இடத்தில் 'அண்ணி தண்ணிதான் குடுக்கறாங்க' என்று சொல்லியிருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை நானே நம்பாத ஒன்றை, வெள்ளிக்கிழமை எந்த வாயால் சொல்வது? அட்டைகள் குப்பைக்கூடைக்குப் போயின. பெல் மேடம் மணியை என் முகத்துக்கு நேராக ஆட்டினார். "மணி பன்னெண்டரை ஆகப்போவுது. பாட்டில்."

போய் நிரப்பினேன். ஆறு பாட்டில்களில் ஐந்து கரண்டி. குருவியின் பாட்டிலில் வெறும் வெந்நீர். மற்ற ஆறு வாய்களுக்கும் நான் அத்தை முறை இல்லையே! குருவி ஒரு வாய் உறிஞ்சினாள். பாட்டிலை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு அதைச் சுவரில் வீசிவிட்டு, ஈறு தெரிய அலறினாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தும் எழுந்து உட்கார்ந்தன. மேடம் உள்ளே வந்து, டப்பாவைத் திறந்து ஆறு கரண்டி போட்டுக் கலக்கி அவளிடம் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைய வேலை: மாலை ஐந்துக்குக் குருவியைச் சாரின் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது. கொப்புளம் பெரிதாகியிருக்கிறது.

ஜூன் 14, சனி

இன்றைய தவறு: வாயைத் திறக்கவில்லை.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். குருவியை அண்ணி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"கொப்புளம் எந்தப் பக்கம்?" என்று சார் என்னைக் கேட்டார்.

"குழந்தைக்கு வலது. வலது நடுப்பல்."

"ம்." அதுதான் இந்த வாரத்தில் நான் சரியாகச் சொன்ன ஒரே பதில்.

அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். குருவி "அத்த, வேணாம் அத்த" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். ஊசி போடுகிறவரையோ பிடித்திருக்கும் அம்மாவையோ விட்டுவிட்டு என்னை. பல் வெளியே வந்தபோது அதற்கு உருவமே இல்லை. ஊறவைத்த பருப்பில் பாதி மாதிரி பழுப்பாக ஏதோ ஒன்று.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சார் கேட்டார். "தூங்கும்போது என்ன குடிக்குது?"

"தண்ணிதான் சார்" என்றார் அண்ணி.

"எல்லா அம்மாவும் இங்க வந்து தண்ணின்னுதான் சொல்றாங்க. தண்ணி குடிச்சா பல்லு இப்படிக் கரையாதும்மா."

அண்ணன், "நல்லாக் கேளுங்க டாக்டர். நான் கேட்டா அழுது ஊரைக் கூட்டுவா" என்றான்.

அண்ணி யாரையும் பார்க்கவில்லை. குருவியின் வாயோரம் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார். சார் என்னைப் பார்த்தார். புதன்கிழமை நான் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் தட்டிலிருந்த பஞ்சுகளை அடுக்கினேன். ஏழு பஞ்சு இருந்தது.

"மிச்சம் மூணையும் அடைச்சு, மருந்து தடவி நிறுத்தப் பார்க்கலாம். ஆனா தூக்கத்துல போற இனிப்பு இன்னியோட நிக்கணும். இல்லேன்னா நான் என்ன தடவினாலும் வீண். ஆறு மாசத்துல அதுவும் போகும், அடுத்து கடைவாய்."

நாளைய வேலை: எழுத வரவில்லை. தெரியும், எழுத வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய தவறு: நான்கு நாள்.

காலையில் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கும். வேலையை விடுறதுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு."

"அண்ணி..."

"பத்து நிமிஷத்துல பன்னெண்டு கேள்வி கேட்டவதானே? ஒரு கடுதாசி எழுத முடியாதா? எழுது. நாளைத் தேதி போடு."

தேதி போட்டேன். அனுப்புநர், பெறுநர் எழுதினேன்.

"காரணம் என்ன எழுத?"

"குடும்பச் சூழ்நிலைன்னு எழுது. இல்ல, வேணாம். உங்கண்ணன் சொல்ற மாதிரியே எழுது. 'என் கவனக்குறைவால்'னு ஆரம்பி."

'என் கவனக்குறைவால்' என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லும் தாளில் உட்கார்ந்ததும், அடுத்தது அண்ணியின் வாக்கியமாக இருக்க முடியாது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மேலே எழுதியிருந்த பெயர்களை அடித்தேன். தொடர்ந்து எழுதினேன்: என் கவனக்குறைவால், ஒரு வருடமாகக் காப்பகத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு, தகர டப்பாவிலிருந்து சர்க்கரைப் பொடி கலந்த பாட்டிலை என் அண்ணன் மகள் வாயில் வைத்துத் தூங்கவைத்தேன். வீட்டில் அவள் அம்மா கொடுத்தது தண்ணீர். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி வாங்கினார். வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். ஒருமுறை முடித்துவிட்டு இரண்டாம் முறை படித்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமையிலேர்ந்து. எல்லாப் புள்ளைங்க வாயையும் பார்த்து அட்டையில எழுதினேன்."

"நேத்து அந்த டாக்டர் என்னைப் பொய்க்காரி மாதிரி பார்த்தாரே, அப்போ தெரியும்."

"தெரியும்."

"புள்ள உன்னைப் பார்த்துக் கத்துச்சே, அப்போ."

"தெரியும் அண்ணி."

"உன்னை ஓங்கி அறையலாம். என் கை வீங்கும். நாளைக்கு எனக்கு வேலை இருக்கு." 'தகர டப்பா' என்ற இடத்தில் விரலை வைத்தார். "அந்த டப்பாவுல என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் டப்பா."

"லேபிள் இல்ல?"

"இல்ல அண்ணி."

"எங்க பெல்ட்ல லேபிள் இல்லாம ஒரே ஒரு பாட்டில் வந்தா, நான் பெல்ட்டையே நிறுத்திடுவேன். நாப்பது பேரு கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. முகம் தெரியாத எவனோ குடிக்கப்போற மருந்துக்கே அப்படி. நீ லேபிள் இல்லாத டப்பாவைத் தொறந்து, வருஷம் பூரா என் புள்ள வாயில ஊத்திட்டு, சாயந்திரம் நோட்டை எடுத்துக்கிட்டு வந்து என்னைக் கேள்வி கேட்டிருக்க."

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். அண்ணி தாளை நீட்டினார். படித்தான். துண்டு கழுத்திலேயே நின்றது.

"சரி விடு. தெரியாமப் பண்ணிட்டா. சின்னப் பொண்ணு."

"ஓஹோ. நான் பண்ணினா வேலையை விடணும். உங்க தங்கச்சி பண்ணினா சின்னப் பொண்ணா?"

"இப்போ எதுக்குக் கத்துற? புள்ள தூங்குது."

"இன்னும் நான் கத்தவே இல்ல. கத்தினா தெரியும். கடுதாசி நாளைக்குப் போகாது. கேட்டுக்கங்க. நாளைக்கும் போகாது, நாளான்னிக்கும் போகாது."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காத ஏதோ ஒன்றை வாங்கக் கடைக்குப் போனான்.

"எத்தனை புள்ளைங்க பாட்டில் குடிக்குது?" என்று அண்ணி கேட்டார்.

"குருவியோட ஏழு."

"அப்போ இன்னும் ஆறு பேரு வீட்ல இதே திட்டை வாங்கிக்கிட்டிருக்காளுங்க. இல்லேன்னா வாங்கப்போறாளுங்க. நீ பார்த்து எழுதினேன்னியே, அந்த அட்டை?"

"மேடம் குப்பைல போட்டுட்டாங்க. நோட்டுல பதிஞ்சு வச்சிருக்கேன்."

"திரும்ப எழுது. இடது வலது பார்த்து எழுது. அந்தம்மா அதைத்தான் முதல்ல புடிக்கும்."

மதியம் முழுவதும் உட்கார்ந்து ஏழு அட்டைகளையும் எழுதினேன். சுத்தமாக இருந்த இரண்டு வாய்களுக்கும் 'பார்த்தவரை ஒன்றுமில்லை' என்று எழுதினேன். பார்த்தவள் டாக்டர் இல்லை என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதினேன். ஒவ்வொரு அட்டையையும் அண்ணி வாங்கி, விரல் வைத்துப் படித்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றில் ஒரு பல்லின் நிழல் மசிந்திருந்தது. இன்னொன்றில் தேதி விட்டுப்போயிருந்தது. திரும்ப எழுதினேன்.

நான் கையெழுத்துப் போட்ட தாளை அவர் நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு அந்தம்மா மணியை ஆட்டினதும் நீ மாத்திப் பேசுவ."

"மாட்டேன் அண்ணி."

"உன் மாட்டேனைப் புதன்கிழமையிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

குருவி எழுந்து வந்து, நாக்கை ஓட்டையில் விட்டபடி என் மடியில் ஏறினாள். "அத்த, என் பல்லு எங்க போச்சு?" அண்ணி அவளை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனார். சாப்பாட்டுக்கு மூன்று தட்டுதான் எடுத்து வைத்தார். என் தட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

நாளைய வேலை: காலை ஏழு ஐம்பதுக்கு அண்ணியோடு காப்பக வாசலில் நிற்பது. அண்ணி இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டிருக்கிறார். கதவு எட்டுக்குத் திறக்கும். குருவியின் அட்டையை அண்ணியிடமும், மற்ற ஆறை வரும் ஆறு அம்மாக்களிடமும் நானே கொடுக்கவேண்டும். டப்பாவில் என்ன இருந்தது, யார் கலக்கினார்கள், யார் வாயில் வைத்தார்கள் என்று நானே சொல்லவேண்டும். அதன் பிறகும் உள்ளே விட்டால், பன்னிரண்டரைக்கு ஏழு பாட்டிலிலும் தண்ணீர்.